பல் டாக்டர் அறையில் பார்த்த பழைய கம்பி
ஜேம்ஸ் நாஸ்மித்தின் வாழ்க்கைக் கதை

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பழைய காரை வீட்டுப் பிள்ளைபோல் வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னைக்கு அருகே வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று எத்தனையோ வண்டிகள். இந்த வண்டிக்காரர்களுக்கெல்லாம் பழக்கமான தொல்லை ஒன்று உண்டு. வண்டி வேகம் எடுத்ததும் டாஷ்போர்டுக்குப் பின்னால் டிக், டிக் என்றோ, கிறீச், கிறீச் என்றோ ஒரு சத்தம் கிளம்பும். வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடும். வேகம் காட்டும் முள், வயதானவர் கைபோல் நடுங்கும்.

என்ஜினுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வீட்டார் பயப்படுவார்கள். அனுபவமுள்ள மெக்கானிக் சிரிப்பார். மீட்டர் கேபிள் வறண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான் என்பார்.

மீட்டர் கேபிள் என்பது என்ன? ஓர் உறைக்குள் சுழலும் முறுக்குக் கம்பி. அது பாம்புபோல் வளைந்து போகும். ஆனாலும் ஒரு முனையைத் திருகினால் மறு முனையும் அப்படியே திரும்பும். இந்த யுக்தியை 1829-ம் ஆண்டிலேயே செய்து காட்டினார் ஒரு வாலிபர். அவர்தான் ஜேம்ஸ் நாஸ்மித். நீராவிச் சம்மட்டியால் உலகப் புகழ் பெற்றவர். ஆனால் இந்தச் சின்னக் கம்பியைப் பார்த்து அவர் பெயரைச் சொல்வோர் அபூர்வம்.

ஓவியர் வீட்டுப் பிள்ளை

ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகரம் எடின்பரோ. அங்கே 1808-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி ஜேம்ஸ் நாஸ்மித் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் நாஸ்மித் பெயர்பெற்ற ஓவியர். ஸ்காட்லாந்தின் மகாகவி ராபர்ட் பர்ன்ஸின் உருவப்படத்தை வரைந்தவர் அவரே.

படம் வரைந்த கை ஓய்ந்தால், அலெக்சாண்டர் வீட்டுப் பட்டறைக்குள் புகுந்துவிடுவார். கடைசல், ராவு வேலை, பற்றவைப்பு எல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அலெக்சாண்டர் ஓர் இரும்பு அடுப்பை இணைத்துக்கொண்டிருந்தார். ரிவெட் ஆணிகளை அடிக்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள். அவர் யோசித்தார். ஆணியைச் சுத்தியலால் அடிக்காமல், பட்டறை வைஸின் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்து இறுக்கினார். ஆணி நசுங்கிப் பொருந்திக்கொண்டது. துளிகூடச் சத்தமில்லை!

இந்தப் பாடம் மகன் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. பலத்தைவிட யோசனை பெரிது என்பதைச் சிறுவன் ஜேம்ஸ் அங்கேதான் கற்றான்.

படுக்கையறையில் வார்ப்படம்

பள்ளிக்கூடம் ஜேம்ஸுக்குப் பிடிக்கவில்லை. மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அவனுக்கோ கையால் செய்து பார்க்க ஆசை. பள்ளித் தோழன் ஒருவனின் தந்தைக்கு இரும்பு வார்ப்படப் பட்டறை இருந்தது. ஓய்வு நேரமெல்லாம் ஜேம்ஸ் அங்கேதான் கிடப்பான். இரும்பு உருகுவதையும், அச்சில் ஊற்றுவதையும், கடைவதையும் கண் இமைக்காமல் பார்ப்பான்.

பிறகு தன் படுக்கையறையையே பட்டறை ஆக்கிவிட்டான்! அங்கே பித்தளையை உருக்கி வார்த்தான். அச்சுக்கு மணலை இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். கீழ் அறையில் தந்தை தூங்குவார். அவர் தூக்கம் கலையக்கூடாதே என்று கம்பளத்தை மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்து இடித்தான்.

இப்படி அவன் செய்த சிறிய நீராவி என்ஜின் மாதிரிகளுக்கு நல்ல கிராக்கி ஏற்பட்டது. ஒன்று 10 பவுன் வரை விலைபோனது. அந்தப் பணத்தைக் கொண்டு எடின்பரோ சர்வகலாசாலை வகுப்புகளுக்குக் கட்டணம் கட்டினான். தந்தைக்குச் செலவு வைக்கவில்லை.

19-வது வயதில் ஒரு பெரிய காரியம் செய்தார். ஸ்காட்லாந்துக் கலைச் சங்கத்தார் 60 பவுன் கொடுத்து, சாலையில் ஓடும் நீராவி வண்டி ஒன்று செய்யச் சொன்னார்கள். ஏறக்குறைய நான்கு மாதத்தில் வண்டி தயார். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, நகரத்துக்கு வெளியே நான்கைந்து மைல் தூரம் ஓடியது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை! இது 1827-ம் ஆண்டை ஒட்டி நடந்தது. சென்னையில் சிம்ப்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் செய்து ஓட்டியது 1903-ல். அதற்கு முக்கால் நூற்றாண்டு முந்திய சங்கதி இது.

சாம்பல் அள்ளவும் தயார்!

அந்த நாளில் இயந்திரத் தொழிலின் குருபீடம் லண்டனில் இருந்த ஹென்றி மாட்ஸ்லேயின் தொழிற்சாலை. அங்கே வேலை கற்க வேண்டும் என்பது நாஸ்மித்தின் கனவு. 1829-ம் ஆண்டு தந்தையும் மகனும் கப்பல் ஏறி லண்டன் போனார்கள்.

மாட்ஸ்லே அன்பாகத்தான் வரவேற்றார். ஆனால் கையை விரித்துவிட்டார். பணம் கட்டிச் சேர்ந்த பணக்காரப் பிள்ளைகளால் தமக்குத் தொல்லையே மிஞ்சியது என்றும், இனி யாரையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டதாகவும் சொன்னார். வந்ததற்குத் தொழிற்சாலையையாவது பார்த்துவிட்டுப் போங்கள் என்று சுற்றிக் காட்டினார்.

கொதிகலனுக்கு அடியில் ஒரு தொழிலாளி சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த நாஸ்மித், இந்த வேலையைக் கொடுத்தால்கூடப் பாக்கியம் என்று கருதுவேன் என்றார். மாட்ஸ்லே திரும்பிப் பார்த்தார். பையன் வேறு ரகம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நீ செய்த மாதிரிகளைக் கொண்டு வந்து காட்டு என்றார்.

மாதிரி என்ஜினையும் படங்களையும் பார்த்தபின் வேறு பேச்சு இல்லை. தம் சொந்தப் பட்டறையிலேயே உதவியாளாக நாஸ்மித்தை வைத்துக்கொண்டார். வாரச் சம்பளம் 10 ஷில்லிங்.

அது மிகக் குறைந்த சம்பளம். ஆனாலும் வீட்டிலிருந்து ஒரு காசுகூட வாங்குவதில்லை என்று நாஸ்மித் உறுதி எடுத்தார். விளக்குச் சூட்டில் வேகும் ஒரு தகர அடுப்பைத் தாமே வடிவமைத்துச் செய்துகொண்டார். காலையில் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் போட்டு, விளக்கை ஏற்றிவிட்டு வேலைக்குப் போவார். மாலையில் வந்தால் சாப்பாடு தயாராக இருக்கும்!

இரண்டடிக் கம்பி

அந்த 1829-ம் ஆண்டிலேயே நம் கம்பி பிறந்தது.

மாட்ஸ்லே ஒரு விசேஷ இயந்திரம் செய்துகொண்டிருந்தார். அதில் ஓர் இடுக்கான இடத்தில் சில துளைகள் போட வேண்டியிருந்தது. சாதாரணத் துளைக்கருவி அங்கே நுழையவில்லை. துளைக்கருவியின் தண்டு நேராக இருக்கும். போகவேண்டிய வழியோ கோணல்.

தண்டு ஏன் நேராக இருக்க வேண்டும் என்று நாஸ்மித் யோசித்தார். எஃகுக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, சுருள்வில்போல் இரண்டடி நீளத்துக்கு ஒரு தண்டு செய்தார். அதன் நுனியில் துளைக்கருவியைப் பொருத்தினார். சுருளை வளைத்து இடுக்குக்குள் விட்டு, மறு முனையைச் சுழற்றினார். நுனியும் சுழன்றது. துளை விழுந்தது! மாட்ஸ்லேக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுருளை இறுக்கும் திசையில் திருகினால்தான் அது பலமாகத் திரும்பும். எதிர்த்திசையில் திருகினால் சுருள் அவிழ்ந்து தளர்ந்துவிடும். பிற்காலத்தில் கம்பியைப் பல அடுக்காகச் சுற்றினார்கள். ஓர் அடுக்கு வலப்பக்கம் சுற்றினால், அடுத்த அடுக்கு இடப்பக்கம். ஒன்று தளரப் பார்த்தால் மற்றொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இன்று மீட்டர் கேபிளின் உள்கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த அடுக்குகள் தெரியும்.

இந்த யுக்திக்கு நாஸ்மித் பேடண்டு வாங்கவில்லை. அன்றைய வேலை முடிந்தது. அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

காருக்குள் வந்த கதை

1902-ம் ஆண்டு ஜெர்மானியப் பொறியியல் நிபுணர் ஓட்டோ ஷுல்ட்ஸ், காந்தத்தால் இயங்கும் ஸ்பீடோமீட்டருக்குப் பேடண்டு பெற்றார். நாஸ்மித் காலமாகி அப்போது 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தக் கருவி வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. கியர்பாக்ஸில் உள்ள சிறு பல்சக்கரம் கேபிளின் உள்கம்பியைச் சுழற்றும். வண்டி ஒரு மைல் ஓடுவதற்குள் கம்பி ஏறத்தாழ ஆயிரம் தடவை சுழலும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் கூடும், குறையும். கம்பியின் மறு முனை, மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் கிண்ணத்தைத் தொடாது. ஆனாலும் அது சுழலும்போது கிண்ணத்தில் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று கிண்ணத்தைத் தடுத்துப் பிடிக்கும். இந்த இழுபறியில் கிண்ணத்தோடு சேர்ந்த முள் எவ்வளவு திரும்புகிறதோ, அதுவே வண்டியின் வேகம்.

கியர்பாக்ஸ் வண்டிக்கு அடியில் இருக்கிறது. மீட்டர் ஓட்டுபவர் கண்ணெதிரே இருக்கிறது. நடுவில் நேர்வழி கிடையாது. மாட்ஸ்லேயின் பட்டறையில் இருந்த அதே கஷ்டம்! அதற்கு அதே கம்பிதான் பரிகாரம்.

சத்தம் ஏன்? நிறுத்துவது எப்படி?

கம்பி உறைக்குள் வழுக்கிக்கொண்டு சுழல வேண்டும். கிரீஸ் காய்ந்தால் உராயும். வண்டி மழைக்காலத்தில் தேங்கிய நீரில் ஓடினாலும், கடற்காற்றில் கிடந்தாலும் துரு ஏறும். உறை எங்காவது திடீரென்று மடங்கியிருந்தால், கம்பி அந்த இடத்தில் இடித்துக்கொண்டே சுழலும். அப்போதுதான் சத்தமும் முள்ளின் நடுக்கமும்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மீட்டரின் பின்னால் உள்ள மரையைக் கழற்றிக் கேபிளைப் பிரித்துவிட்டு, கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். சத்தம் தொடர்ந்தால் குற்றம் கேபிளில். சத்தம் நின்றுவிட்டால் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும். மீட்டருக்குள் இருப்பது கடிகார வேலை. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும்.

குற்றம் கேபிளில் என்றால் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு உள்கம்பியை உருவ வேண்டும். பல வண்டிகளில் மேல்பக்கமாகவே உருவலாம். சிலவற்றில் கியர்பாக்ஸ் பக்கமும் கழற்ற வேண்டும். கம்பியை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்குப் போகத் துடைத்து, காயவிட வேண்டும். பிறகு மேஜைமேல் வைத்து உருட்ட வேண்டும். நல்ல கம்பி வழுவழுவென்று உருளும். மடங்கிய கம்பி துள்ளும். இழை பிரிந்திருந்தாலும், துள்ளினாலும் அதற்கு வைத்தியம் கிடையாது. புதியது வாங்க வேண்டியதுதான். புதுப்பேட்டை போன்ற உதிரிபாகக் கடைத்தெருக்களில் பழைய வண்டிகளின் கேபிளைத் தேடிப் பிடிப்பவர்கள் உண்டு.

கம்பி நன்றாக இருந்தால் மெல்லிசாகக் கிரீஸ் தடவ வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மீட்டர் பக்கம் அரை அடிக்குக் குறையாமல் கிரீஸ் இல்லாமல் விட வேண்டும். கம்பியின் சுற்று திருகாணிபோல் வேலை செய்து, கிரீஸை மேலே ஏற்றிவிடும். அது மீட்டருக்குள் புகுந்தால் முள் ஒட்டிக்கொள்ளும். சத்தத்தை ஒழிக்கப்போய் மீட்டரையே ஒழித்த கதையாகும்!

கம்பியை உள்ளே விடும்போது விரலால் திருகிக்கொண்டே தள்ளினால், அதன் சதுர முனை கியர்பாக்ஸ் பள்ளத்தில் பொருந்தும். மரையைக் கையால் இறுக்கினால் போதும். கடைசியாக, கேபிள் போகும் வழியைப் பார்க்க வேண்டும். வளைவு அகலமாக இருக்க வேண்டும். முழங்கைபோல் மடங்கக்கூடாது. புதுக் கேபிளும் சீக்கிரமே அறுந்தால், மீட்டர் இறுகிப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது வரும் கார்களில் இந்தக் கம்பி கிடையாது. வேகத்தை மின்சார உணர்கருவி அறிந்து சொல்லிவிடுகிறது. பழைய வண்டிகளில் மட்டும் நாஸ்மித்தின் யுக்தி இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது.

63 பவுனும் ஓர் ஓட்டைத் தரையும்

நாஸ்மித்தின் கதைக்கு வருவோம். 1831-ல் மாட்ஸ்லே காலமானார். 1834-ல் நாஸ்மித் மான்செஸ்டர் நகரில் சொந்தத் தொழில் தொடங்கினார். கையில் இருந்தது 63 பவுன். வாடகைக்குப் பிடித்தது ஒரு கட்டிடத்தின் மாடி. கீழே கண்ணாடி அறுக்கும் தொழிலாளி ஒருவர் பட்டறை வைத்திருந்தார். ஒருநாள் கனமான என்ஜின் பாகம் ஒன்று தரையை உடைத்துக்கொண்டு அவருடைய கண்ணாடிகளுக்கு நடுவே போய் இறங்கியது!

இனி மாடி உதவாது என்று தெரிந்தது. மான்செஸ்டருக்கு அருகே பாட்ரிகிராப்ட் என்ற ஊரில், கால்வாயும் ரயில் பாதையும் சந்திக்கும் இடத்தில் 1836-ல் பெரிய தொழிற்சாலையை எழுப்பினார்.

அங்கே ஓர் ஆபத்து அவர் மனத்தை உறுத்தியது. உருகிய இரும்பைப் பெரிய வாளியில் ஏந்தி, பலர் கூடிச் சாய்த்து ஊற்றுவார்கள். ஒருவர் கால் இடறினால் போதும். எல்லோர்மேலும் நெருப்புக் குழம்பு. 1838-ல் நாஸ்மித் அந்த வாளிக்குத் திருகுப் பல்சக்கரம் வைத்தார். ஒரே ஆள், எட்ட நின்று, சக்கரத்தைத் திருகியே வாளியைச் சாய்க்கலாம். அதற்கும் அவர் பேடண்டு வாங்கவில்லை. எல்லாப் பட்டறைக்காரரும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். எத்தனையோ தொழிலாளிகளின் உடம்பு தப்பியது.

ஆனால் தொழிலாளர் சங்கங்களோடு அவருக்கு ஒத்துவரவில்லை. வேலைநிறுத்தம் வந்தபோது வளைந்து கொடுக்கவில்லை. மனிதர் செய்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றி ஆட்களைக் குறைத்தார். அவர் புகழுக்கு இது ஒரு மறுபக்கம்.

நீராவிச் சம்மட்டி

1839-ல் கிரேட் பிரிட்டன் என்ற மாபெரும் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் துடுப்புச் சக்கரத்துக்கு 30 அங்குலக் கனமுள்ள இரும்புத் தண்டு தேவைப்பட்டது. அதை அடித்து உருவாக்க எந்தப் பட்டறையும் முன்வரவில்லை. சேதி நாஸ்மித்துக்கு எட்டியது. கனத்த இரும்புக் கட்டியை நீராவி மேலே தூக்க வேண்டும். பிறகு அது கீழே விழுந்து அடிக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே படம் வரைந்துவிட்டார். தேதி நவம்பர் 24.

ஆனால் கப்பல்காரர்கள் திட்டத்தை மாற்றிவிட்டார்கள். துடுப்புச் சக்கரம் போய், திருகு விசிறி வந்தது. சம்மட்டிப் படம் நோட்டுப் புத்தகத்திலேயே தூங்கியது.

1842-ல் நாஸ்மித் பிரான்சு நாட்டில் கிரேசோ என்ற ஊரின் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே பிரமாண்டமான இரும்புத் தண்டு ஒன்றைக் கண்டு வியந்து, இதை எப்படி அடித்தீர்கள் என்று கேட்டார். உங்கள் சம்மட்டியால்தான் என்று பதில் வந்தது! அவர் ஊரில் இல்லாத சமயம் வந்த பிரெஞ்சுக்காரர்கள், அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்பது நாஸ்மித் தரப்பு. தங்கள் பொறியியல் நிபுணர் பூர்டோன் சுயமாகவே யோசித்தார் என்பது பிரெஞ்சுத் தரப்பு. நாஸ்மித் ஊர் திரும்பிய கையோடு, அந்த ஆண்டு ஜூனில் பேடண்டு வாங்கிக்கொண்டார்.

அந்தச் சம்மட்டி ஒரே அடியில் இரும்பைச் சப்பையாக்கும். அதே சம்மட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்த முட்டையின் ஓட்டை மட்டும் உடைக்கும், கிண்ணம் உடையாது! பலமும் நிதானமும் ஒன்றுசேர்ந்த அதிசயம் அது.

சந்திரனும் பல் டாக்டரும்

போதுமான பணம் சேர்ந்தது. 1856-ல், 48-வது வயதில், நாஸ்மித் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். தாமே செய்த தொலைநோக்கியால் சந்திரனை ஆராய்ந்தார். மலைகளையும் பள்ளங்களையும் சாந்தில் மாதிரியாகச் செய்து புகைப்படம் எடுத்து, ஜேம்ஸ் கார்ப்பெண்டர் என்ற நண்பரோடு சேர்ந்து 1874-ல் சந்திரனைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். சந்திரனில் உள்ள ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர் இருக்கிறது.

முதுமையில் ஒருநாள் அவர் ஒரு பல் டாக்டரின் அறையைப் பார்த்தார். நோயாளியின் சொத்தைப் பல்லைக் குடைய, நுனியில் துளைக்கருவி மாட்டிய ஒரு வளையும் தண்டு சுழன்றது. அமெரிக்காவிலிருந்து வந்த புத்தம் புதிய யுக்தி என்று பெருமையாகச் சொன்னார்கள். அவர் உற்றுப் பார்த்தார். ஏறக்குறைய 50 ஆண்டுகளுக்கு முன்னால் தம் கையால் சுற்றிய அதே சுருள்!

பேடண்டு இல்லை, வழக்கு இல்லை, கோபமும் இல்லை. 1883-ல் வெளிவந்த தம் சுயசரிதையில் அந்தச் சங்கதியை ஒரு சின்னக் குறிப்பாக எழுதி வைத்ததோடு சரி. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் நமக்கும் தெரிந்திராது.

1890-ம் ஆண்டு மே 7-ந் தேதி லண்டனில் நாஸ்மித் காலமானார். அப்போது அவருக்கு வயது 81. அவருக்குப் புகழ் தந்த நீராவிச் சம்மட்டியைப் பெரும்பாலும் பொருட்காட்சிச் சாலைகளில்தான் பார்க்க முடியும். பெயர் சொல்லாமல் விட்ட கம்பியோ, ஓடும் வண்டிகளில் இன்னும் வேலை செய்கிறது. அது கேட்பதெல்லாம் கொஞ்சம் கிரீஸும், தாராளமான ஒரு வளைவும்தான்.